ஏழாவது உத்திரம்

ஷஃபான் பிறை 24, செவ்வாய்

சார்ஜாவில் ஏசி கம்பெனியில் இருந்த பத்தொன்பது வருஷமும் தினசரி லாக் புக் எழுதவேண்டும். என்ன மெஷின், என்ன கோளாறு, என்ன காரணம், என்ன செய்தாய், கையெழுத்து. ஊருக்குத் திரும்பி நாலு வருஷம் ஆகியும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. "முதலாளியும் இல்ல, மேனேஜரும் இல்ல, யாருக்குக் காட்ட எழுதுறீக?" என்று நாச்சியா கேட்கிறாள். கட்டிய பெண்டாட்டிக்குப் பதில் சொல்ல லாக் புக்கில் இடம் ஒதுக்கவில்லை.

இன்று பழைய பள்ளிவாசலில் எட்டு ஏசியையும் சர்வீஸ் செய்தேன். நோன்புக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. எல்லாம் நன்றாக ஓடுகிறது.

போன வருஷம் இந்த ஏசிகளை மாட்டிய விதத்தை எங்காவது எழுதிவைக்கவேண்டும் என்று நெடுநாளாக ஆசை. முன்னூறு வருஷத்துப் பள்ளிவாசல். பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர், ஒரு முழத்துக்கு மேல் கனம். மேலே பதினொரு தேக்கு உத்திரங்கள். ஒவ்வொரு உத்திரமும் சுவருக்குள் நுழையும் இடத்தில், அதன் பக்கத்திலேயே கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. புறா வந்து அடைவதால் ஊரில் அதற்குப் புறாப்பொந்து என்று பெயர். "முன்னோர் கட்டிய சுவரில் ஓட்டை போடக் கூடாது" என்று ஜமாஅத்தில் பாதிப்பேர் ஏசியே வேண்டாம் என்றார்கள். நான் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. செம்புக் குழாய், தண்ணீர்க் குழாய், வயர் எல்லாவற்றையும் புறாப்பொந்து வழியாகவே வெளியே விட்டு, மிச்ச இடைவெளியையும் மற்றப் பொந்துகளையும் நுரை அடித்து அடைத்து, மேலே பூசி, ஆள் வைத்துச் சுவர் முழுக்க பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டேன். புறா எச்சமும் ஒழிந்தது.

மாட்டிய வாரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் தலைவர் நெய்னா ஹாஜியார் எழுந்து, "ஒரு துளை போடாம ஏசி மாட்டுனாம்ப்பா நம்ம சீனி அசன்!" என்று ஊர் முன்னால் சொன்னார். எட்டு மெஷினும் அவர் நன்கொடை. கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம். இதற்கு முன்னால் சின்னக்கடைப் பள்ளி, மேலத்தெருப் பள்ளி, பக்கத்து ஊர்த் துறைப்பள்ளி மூன்றிலும் இதே முறைதான். வேறு எவனுக்கு வரும் இந்த யோசனை?

ஷஃபான் பிறை 27, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் பாங்கு சொல்லும் மோதினார் காதர் பாவா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஹஜ்ரத் நின்று தொழவைக்கும் மாடத்துக்கு இடப்பக்கம் சுவர் கொப்புளித்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பெயின்ட் அப்பளம் அப்பளமாக வருகிறது. உள்ளே வெள்ளையாகப் பொடி. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

"சுண்ணாம்பு அடிச்ச காலத்துல இப்படிப் பாத்ததில்லையே தம்பி" என்றார்.

கடல் இருநூறு அடியில் இருக்கும்போது உப்பு வராமல் சீனியா வரும்?

கோளாறு: சுவர்க் கொப்புளம். காரணம்: மட்டமான பெயின்ட். செய்தது: பெயின்டரைத் திட்டினேன்.

ரமலான் பிறை 1, செவ்வாய்

நேற்றிரவு தராவீஹ், நோன்பு மாதத்து இரவுத் தொழுகை, ஆரம்பம். ஐந்நூறு பேருக்குக் குறையாது. வெளியே சித்திரைப் புழுக்கம், உள்ளே பதினெட்டு டிகிரி. இருபது ரக்அத் தொழுது முடிந்தும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. வாப்பா இரண்டாவது வரிசையில், ஏழாவது உத்திரத்துக்குக் கீழே, தன் வழக்கமான இடத்தில் நாற்காலி போட்டுத் தொழுதார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் உட்கார முடிவதில்லை. வாப்பா இருப்பது லாத்தா வீட்டில், அதாவது என் அக்கா வீட்டில். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். நானும் நாச்சியா வீட்டில்தான் இருக்கிறேன். தொழுகைக்கு மட்டும் வாப்பாவை நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போவேன்.

"நல்லா இருக்குடா அசன்" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி வருவது பெருநாளுக்கு ஒருதரம்தான்.

பிறை 3, வியாழன்

விடிகாலை பஜ்ருக்குப் பள்ளியைத் திறந்தபோது தூணெல்லாம் வேர்த்து நின்றது. மேலிருந்து கீழே ஓடை ஓடையாகத் தண்ணீர். தரை வழுக்கி மோதினார் விழப் பார்த்தார். ஒரு பெரியவர் தூணைத் தடவி முகத்தில் பூசிக்கொண்டு, "அல்லாவோட ரஹ்மத்து, அருளு இறங்கியிருக்குப்பா" என்றார். இன்னும் நாலு பேர் பூசிக்கொண்டார்கள். சிரிப்பை அடக்க நான் படாத பாடு பட்டேன்.

வீட்டு ஃபேன் இன்றும் கிரீச்சிட்டது. "ஊருக்கெல்லாம் ஐஸ், நமக்குக் கிரீச்சா?" என்கிறாள் நாச்சியா. பார்க்கவேண்டும்.

பிறை 5, சனி

ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி வந்து பள்ளியில் வைத்தேன். தராவீஹ் முடியும்போது எண்பத்தியொன்று. அடுத்து ஏசியை நிறுத்திக் கதவு திறந்ததும் தொண்ணூற்று நாலு!

யோசித்தால் விஷயம் லேசானதுதான். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டிலை வெளியே வைத்தால் வேர்க்கிறதல்லவா? கல், சுவர், மரம் எல்லாம் ராத்திரி ஜில்லென்று ஆகிவிடுகிறது. கடல் காற்று உள்ளே வந்ததும் வேர்க்கிறது. போதாததற்கு ஐந்நூறு பேர் ஹவுழ் தொட்டியில் ஒளுச் செய்துவிட்டு, முகம் கை கால் சொட்டச் சொட்ட உள்ளே வருகிறார்கள். அந்தத் தண்ணீர் போக வழி வேண்டுமே. முன்னே எப்படிப் போனது என்று தெரியவில்லை.

காரணம்: துடைக்காமல் வருவது. செய்தது: "துண்டால் துடைத்துவிட்டு உள்ளே வரவும்" என்று அட்டை எழுதி மாட்டினேன்.

பிறை 7, திங்கள்

நேற்றிரவு தராவீஹில் வாப்பாவின் வெள்ளைச் சட்டையில் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தேநீர்ச் சாயம் மாதிரி ஒரு கறை. வாப்பா தொழுகையில் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

மதியம் ளுஹருக்குப் பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து ஏணி போட்டு ஏறினேன். நோன்பு வாயோடு ஏணி ஏறுவது சார்ஜா வெயிலில் பழகியதுதான். ஏழாவது உத்திரத்தின் தெற்குத் தலை. பூச்சை லேசாகக் கொத்திப் பார்த்தேன். உள்ளே செம்புக் குழாயின் உறை நழுவியிருக்கிறது. குழாய் வேர்த்து, ஒரு வருஷமாகத் தண்ணீர் உள்ளேயே சொட்டியிருக்கும்போல. ஸ்க்ரூடிரைவரால் மரத்தைக் குத்திப் பார்த்தேன். கொஞ்சம் உள்ளே போனது.

கோளாறு: உறை நழுவல். செய்தது: டேப் சுற்றி, மறுபடி பூசிவிட்டேன்.

பிறை 8, செவ்வாய்

வாப்பாவின் நாற்காலியைப் பின்வரிசைக்கு, வாசல் பக்கம் மாற்றிப் போட்டேன். அங்கே குளிர் குறைவு. முழங்காலுக்கு நல்லது.

பிறை 9, புதன்

வாப்பா இருந்த இடத்தில் இன்று சதக்கு நின்றான். நாச்சியாவின் தம்பி. கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கிறான். "சூப்பர் எடம் மச்சான், காத்து நேரா மூஞ்சியில அடிக்குது. வாப்பா எப்படி விட்டுட்டுப் போனாக?" என்றான். முழங்கால் என்றேன்.

லாத்தா வீட்டிலிருந்து நோன்பு திறக்கும் பலகாரமாக வாடா வந்தது. உப்பு கூடுதல்.

பிறை 11, வெள்ளி

காலையில் நாச்சியா என் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தாள். "இத எதுல குத்துனீக? கைப்பிடி வரைக்கும் சேறு மாதிரி அப்பிக் காஞ்சிருக்கு."

தண்ணீர்க் குழாய்ச் சகதி என்றேன். மோந்து பார்த்துவிட்டு, "சகதி நாறுமே, இது மரத்தூள் வாசமால்ல இருக்கு" என்றாள். போலீஸ் வேலைக்குப் போகவேண்டிய பொம்பளை.

மாலையில் நெய்னா ஹாஜியாருக்குக் கொழும்புக்குப் போன் போட்டேன். ஏசியை இருபத்தாறில் வைப்போமா, பகலில் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து போடுவோமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னப்பா பேசுற? இருபத்தேழாம் இரவுக்கு நானே வர்றேன். கொழும்புக்காரவுக நாலு பேரக் கூட்டிட்டு வர்றேன். உள்ள வந்தா ஐஸா இருக்கணும். இன்னும் ரெண்டு மெஷின் சொல்லியிருக்கேன், வந்ததும் மாட்டு. பெருநாள் கழிச்சு நம்ம கல்யாண மண்டபம் முழுக்க உன் கையிலதான்."

சரி ஹாஜியார் என்றேன். வேறென்ன சொல்ல?

பிறை 13, ஞாயிறு

சவரிமுத்து கொத்தனாரைத் தேடிக் குடியிருப்புக்குப் போனேன். வருஷாவருஷம் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர். ஏசி வந்து, பிளாஸ்டிக் பெயின்ட் வந்ததும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

ஒரு விஷயத்தை இந்த நோட்டில் எழுதாமல் விட்டேன். போன வருஷம் நான் பொந்தை அடைக்கும்போது இந்த ஆள் கீழே நின்று, "பாய், அத அடைக்காதீக, அது புறாவுக்கு விட்டதில்ல" என்றார். நான் ஏணியிலிருந்தே, "அப்ப யாருக்கு, ஆந்தைக்கா?" என்றேன். கூட நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவர் சாந்துச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று அவர் சிரிக்கவில்லை, குத்தியும் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நோன்பு என்று தெரிந்து, தான் குடித்துக்கொண்டிருந்த டீயையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"சுவத்துக்குள்ள இருக்குற மரத் தல காத்தப் பாக்கணும் பாய். அதுக்குத்தான் பொந்து. நனைஞ்சாலும் காஞ்சிரும். உள்ள வர்ற ஈரமும் அதுவழியாத்தான் வெளிய போகும். சுண்ணாம்புச் சுவரு தண்ணியக் குடிக்கும், வெயில் வந்தா விட்டுரும். நீங்க அதுக்கு பிளாஸ்டிக் சட்டையப் போட்டு, கழுத்துப் பட்டனையும் மாட்டிட்டீக."

முன்னே அந்த ஈரம் எப்படிப் போனது என்று ஐந்தாம் பிறையில் கேட்டேனே, இதுதான் பதில்.

"எந்த உத்திரம்?"

"ஏழு."

"மேல மாடியில என்ன இருக்கு?"

அவுட்டோர் யூனிட் நாலு அதற்கு நேர் மேலேதான் இருக்கிறது. நான் வைத்ததுதான். ஓடும்போது அதிரும்.

"விழுமா?" என்று கேட்டேன்.

"விழும்னு சொல்லமாட்டேன். விழாதுன்னும் சொல்லமாட்டேன். ஒரு கேள்வி கேக்குறேன். உங்க வாப்பாவ அதுக்குக் கீழ உக்கார வைப்பீகளா?"

நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிறை 14, திங்கள்

மதியம் பதினொரு உத்திரத்தையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல மரம் கணீரென்று பேசும். ஏழாவது, தெற்குத் தலை: டொக். ஒன்பதாவது: கொஞ்சம் டொக். மற்றதெல்லாம் இன்னும் பிழைத்திருக்கிறது.

தராவீஹில் இருபது ரக்அத்தும் என் கண் சதக்குவின் தலைக்கு மேலேயே இருந்தது. என்ன ஓதினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிறை 15, செவ்வாய்

நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது நாச்சியா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வாப்பா நாற்காலிய ஏன் நகத்துனீக?"

"குளுருன்னு."

"பள்ளி முழுக்கத்தான குளுருது. அந்த ஒரு எடத்துல மட்டுமா குளுருது?"

நான் கஞ்சியைப் பார்த்தேன்.

"மோதினார் பொண்டாட்டி சொன்னா, நீங்க ஏணி போட்டுப் போட்டு அந்த மரத்தையே தட்டிட்டு இருக்கீகளாம். எனக்கு ஏசியும் தெரியாது, மரமும் தெரியாது. எந்தம்பி அங்க நிக்கிறான். மூணு பொம்பளப் புள்ளைக்கு வாப்பா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அழவில்லை, கத்தவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறை 16, புதன்

இன்றைக்கே ஏசியை நிறுத்துகிறேன் என்று முடிவு கட்டினேன். வாய் திறந்து சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஆகையால் ராத்திரி இஷாவுக்கு முன்னால் போர்டைத் திறந்து ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, "போர்டு போச்சு, பாகம் சென்னையிலிருந்து வரணும்" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக ஓடாததை ஓடவைத்துத்தான் பழக்கம். ஓடுவதை நிறுத்தியது இன்றுதான்.

கதவு ஜன்னலெல்லாம் திறந்து தொழுதார்கள். முனகல், விசிறல், பெருமூச்சு. சதக்கு காற்றுக்காக வெளிமுற்றத்துக்குப் போய்விட்டான். இந்தப் பத்து நாளில் நான் நிம்மதியாகத் தொழுத ராத்திரி இதுதான்.

பிறை 17, வியாழன்

நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. யாரோ ஹாஜியாருக்குப் போன் போட, அவர் ராமநாதபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பிவிட்டார். அவன் போர்டைத் திறந்தான், ஒயரை மாட்டினான், ஐந்து நிமிஷம். "என்ன பாய், பத்தொன்பது வருஷ சர்வீஸுன்னாங்க, லூஸ் ஒயர் கண்ணுல படலையா?" என்று எல்லார் முன்னாலும் பல்லைக் காட்டினான். எட்டும் ஜிலுஜிலுவென்று ஓட ஆரம்பித்தன. சதக்கு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டான்.

சீ, இது ஒரு பிழைப்பா. பொய்யை வைத்து இந்த ஏசியை நிறுத்த முடியாது. நாளைக்கு ஜும்ஆ.

பிறை 18, வெள்ளி

எழுந்து நின்றேன்.

ஜும்ஆ முடிந்து துஆ ஓதியதும், ஆட்கள் கிளம்புவதற்குள், "எல்லாரும் ரெண்டு நிமிஷம் இருங்க" என்றேன்.

"புறாப்பொந்துல பைப்ப விட்டு அடைச்சது நான். அடைக்காதீகன்னு சவரிமுத்து கொத்தனார் சொன்னாரு. நான் கேக்கல, கேலி பண்ணேன். உள்ள தண்ணி சொட்டி ஏழாவது உத்திரத்தோட தெக்குத் தல உளுத்துப் போச்சு. அதுக்கு மேல மெஷின் நாலையும் வச்சதும் நான்தான். ஏசி உடனே நிக்கணும், பொந்து எல்லாம் திறக்கணும். அதுவரைக்கும் யாரும் ஏழாவது, ஒன்பதாவது உத்திரத்துக்குக் கீழ நிக்காதீக. முந்தாநேத்து ஒயரக் கழட்டி விட்டதும் நான்தான்."

அப்புறம் ஒரே இரைச்சல். "நோன்பு முடியட்டும் பாக்கலாம்." "முன்னூறு வருஷமா நிக்கிற பள்ளி ஒரு ஏசியில விழுந்துருமா?" "ராமநாதபுரத்தான்கிட்டத் தோத்த கடுப்புப்பா இவனுக்கு." யார் யாரோ பேசினார்கள்.

சதக்கு இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்தான். நின்ற இடத்திலிருந்து அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"மச்சான், உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஏழாம் பிறையில."

"வாப்பா நாற்காலிய எப்ப நகத்துனீக?"

"எட்டாம் பிறையில."

"இன்னைக்குப் பதினெட்டு" என்றான்.

அவன் என்னைக் கடந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மோதினார் ஹாஜியாருக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். "நான் வர்ற வரைக்கும் ஒண்ணையும் தொடக் கூடாது!" என்று ஹாஜியார் கத்தினார். இருபத்தைந்தாம் பிறைக்குத்தான் வருகிறார். ஒரு வாரம். முடியாது.

நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன். கேட்டவர்களிடம், "ஹாஜியார் வந்தா எங்கிட்ட வந்து கேக்கட்டும்" என்றேன். அங்கிருந்து சவரிமுத்து வீட்டுக்கு நடந்தேன்.

பிறை 19, சனி

காலை ஏழு மணிக்குச் சவுக்குக் கம்பு இறங்கியது. முதல் வேலையாக மாடியில் இருந்த யூனிட் நாலையும் கழற்றிக் கீழே இறக்கினோம். ஏழாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் கம்பு முட்டுக் கொடுத்தோம். அப்புறம்தான் சவரிமுத்து உளியை என் கையில் கொடுத்தார். "நீங்களே திறங்க பாய்" என்றார்.

பூச்சை உடைத்து, நுரையைக் கிள்ளி எடுத்தேன். கறுப்புத் தண்ணீர் கையில் வழிந்தது. உத்திரத்தின் தலையைத் தொட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்தது. பிடி பிடியாக வந்தது. ஸ்க்ரூடிரைவர் எதற்கு, விரலே போதும்.

ஏழாம் பிறையில் "கொஞ்சம் உள்ளே போனது" என்று எழுதியிருக்கிறேன். அன்று கைப்பிடி வரைக்கும் போனது. அன்றைக்கே தெரியும்.

மோதினார் நோன்புக் கஞ்சி விளம்பும் தாம்பாளத்தை எடுத்து வந்து உதிர்ந்ததையெல்லாம் அதில் ஏந்தினார். ளுஹருக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாம்பாளத்தைப் பார்த்தார்கள். நேற்றுக் கத்தியவர்களில் இரண்டு பேர் பேசாமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் தூக்க வந்தார்கள்.

தூணைத் தடவி முகத்தில் பூசிய பெரியவரும் வந்து பார்த்துவிட்டு, "அல்லாவே, இதையா பூசினேன்" என்றார். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறை 20, ஞாயிறு

இன்று திறந்த பொந்து ஆறு.

பிறை 22, செவ்வாய்

இருபத்திரண்டு பொந்தும் திறந்தாகிவிட்டது. தெற்குச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்டைச் சுரண்டுகிறோம். உள்ளங்கை பொத்துவிட்டது. சாயங்கால அசர் தொழுகை நேரத்தில் தெற்கேயிருந்து கடல் காற்று பொந்து வழியாக உள்ளே வந்தது. மீட்டர் எழுபத்தியிரண்டு.

ஏசியைத் திட்டுகிறவர்கள் இப்போது கிளம்பிவிட்டார்கள். மெஷின் மேல் என்ன குற்றம்? புதுக் கட்டிடத்துக்குச் செய்தது, அதற்கு அங்கே வேலை. மூச்சுவிடும் சுவருக்குள் அதைப் பூட்டிவைத்தவன் இருக்கிறானே, அவனைத் திட்டட்டும்.

சதக்குவின் தையல்கடை வழியாகப் போனேன். தலையைத் தூக்கவில்லை. மெஷின் மட்டும் வேகமாக ஓடியது.

பிறை 25, வெள்ளி

ஹாஜியார் வந்துவிட்டார். ஜும்ஆவுக்கு முன்னாலேயே, பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே பள்ளிக்கு. சுரண்டிய சுவர், முட்டுக் கம்பு, திறந்த பொந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முகம் சிவந்து நின்றார்.

"நான் வர்றவரைக்கும் உன்னால பொறுக்க முடியலையா அசன்? விருந்தாளிக்கு எதக் காட்ட நான்?"

"பத்து நாள் பொறுத்தேன் ஹாஜியார். அந்தப் பத்து நாளத்தான் இப்ப என்னால தாங்க முடியல."

தாம்பாளத்தை எடுத்து வந்து முன்னால் வைத்தேன். அவர் கல் வியாபாரி. எதையும் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால்தான் நம்புவார். எடுத்தார், தேய்த்தார், மோந்தார்.

"இது எங்க வாப்பா நின்னு தொழுத காலத்து மரமா?"

"அதே மரம். முன்னூறு வருஷம் உப்புக்காத்துல நின்னுச்சு. நான் அடைச்சு ஒரு வருஷம்."

கையைத் துடைக்கவில்லை. கடைசியில், "புதுசா ரெண்டு மெஷின் வந்துச்சா?" என்றார். திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஒளுச் செய்யப் போனார். கல்யாண மண்டப வேலையை ராமநாதபுரத்தானுக்குக் கொடுத்துவிட்டதாக மாலையில் தெரிந்தது. கொடுக்கட்டும். அது புதுக் கட்டிடம், அவன் கெடுக்க ஒன்றுமில்லை.

பிறை 26, சனி

பொழுது சாய்ந்தால் அடுத்த பிறைக் கணக்கு; இன்றிரவு இருபத்தேழாம் இரவு, ரமலானிலேயே பெரிய இரவு. ஊரே திரண்டது. உள்பள்ளியில் முன்வரிசைகளைக் கயிறு கட்டி மறித்துவிட்டு, முற்றத்தில் பாய் விரித்தோம். ஏசியும் இல்லை, ஐஸும் இல்லை. ஹாஜியார் தன் விருந்தாளிகளோடு முற்றத்தில் வேர்த்து விறுவிறுத்து நின்று தொழுதார். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது அவர் முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

வாப்பா, "நாற்காலிய சதக்கு பக்கத்துல போடு" என்றார். போட்டேன். சதக்கு வாப்பாவுக்குச் சலாம் சொன்னான், எனக்குச் சொல்லவில்லை. வாப்பா கையிலிருந்த விசிறியால் அவனுக்கும் சேர்த்து விசிறிக்கொண்டே இருந்தார்.

பிறை 29, செவ்வாய்

வீட்டு ஃபேனைக் கழற்றி பேரிங் மாற்றினேன். சத்தம் நின்றுவிட்டது. "தூக்கமே வரமாட்டேங்குது" என்கிறாள் நாச்சியா. பெண்டாட்டியைத் திருப்திப்படுத்திய மெக்கானிக் உலகத்திலேயே இல்லை.

ஷவ்வால் பிறை 1, வியாழன்

பெருநாள். தொழுகை முடிந்து எல்லாரும் கட்டித் தழுவி, கைகோத்து முசாஃபஹாச் செய்துகொண்டிருந்தபோது நான் ஓரமாகப் போய் நின்றேன். சதக்கு புதுச்சட்டையோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன்.

காதோடு, "மத்த மூணு பள்ளி, மச்சான்?" என்றான்.

இந்த ஒரு மாதத்தில் அந்த மூன்று பெயரை ஷஃபானில் பெருமையடிக்க எழுதியதோடு சரி. அதற்கப்புறம் ஒரு வரிகூட இல்லை. மறந்துபோய் எழுதாமல் இருக்கவில்லை. ராத்திரி படுத்தால் அந்த மூன்று பள்ளியின் உத்திரங்களும் வரிசையாக வந்து நிற்கும். புரண்டு படுப்பேன். பெருநாள் கழியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

"நாளைக்கே" என்றேன்.

"ஏணிய எத்தன மணிக்கு ஏத்தணும்?" என்றான்.

ஷவ்வால் பிறை 2, வெள்ளி

பெருநாள் மறுநாள், ஊரே விருந்து சாப்பிடுகிறது. ஆறரைக்கு ஏணியை வண்டியில் ஏற்றினோம். ஒரு முனையைச் சதக்கு பிடித்தான். சவரிமுத்து அண்ணன் சாந்துச் சட்டியோடு முன்னால் ஏறிக்கொண்டார். நாச்சியா நாலு பேருக்கு இடியாப்பம் கட்டிக் கொடுத்தாள். "மூணு பேர்தான?" என்றால், "பசிக்கிற வேல" என்கிறாள்.

இடம்: சின்னக்கடைப் பள்ளி. உத்திரம் ஒன்பது. பொந்து பதினெட்டு.

கோளாறு: பதினெட்டும் அடைபட்டிருக்கிறது. மூன்றாவது, கிழக்குத் தலை: டொக்.

காரணம்: நான்.

செய்தது: அதன் கீழே தொழுதுகொண்டிருந்தவர்களை முதலில் எழுப்பினேன்.

கையெழுத்து: சீனி அசன்.